கூடவே வந்தவர்கள்

மனித குலத்தைக் கெடுத்தது போரும் பஞ்சமும் அல்ல. படித்துப் பார்க்காமல் 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்கும் ஆள்காட்டி விரல்தான். இதைத் துடைப்பம் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு என்று பாராமல் சொல்லியிருக்கிறான். மாமனார் செத்த அன்று, அழுதுகொண்டிருந்த ஒருவரின் கைப்பேசியை வாங்கி, அதில் அவர் கேட்காமலே குடியேறியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறான். அவர் இன்னும் கொஞ்சம் அழுதார்.

துடைப்பம் என்பது அலுவலகம் வைத்த பெயர். புதுக் கணினிகள் வந்து இறங்கினால், கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு ஏற்றி அனுப்பியிருக்கும் விளையாட்டு, விளம்பரம், வாழ்த்து அட்டை, ஓயாமல் சிரிக்கும் உதவியாளர் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளி, வெறும் தரையாக்கிக் கொடுப்பது அவன் வேலை. "சொந்தமா வீடு வாங்கிக் கதவைத் திறக்குறீங்க. உள்ள நாலு பேர் உக்காந்திருக்கான். விடுவீங்களா?" என்று கேட்பான். கேட்டவர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

தன் வீட்டுக்கென்று ஒரு மடிக்கணினி வாங்க மைத்துனனின் கடைக்குப் போனபோதும் அதைத்தான் கேட்டான்.

"நோண்டாதீங்க மாமா," என்றான் மைத்துனன். "அதெல்லாம் கூடவே வர்றது. ஓரமா உக்காந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது."

"உன் மெஷின்ல சம்மதம்னு அமுக்கினியா?"

"எல்லாரும்தான் அமுக்குறாங்க."

"படிச்சியா?"

மைத்துனன் பெட்டியைப் பையில் போட்டான். கடையின் மூலையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், ஸ்டூல் போட்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிறச் சட்டை. வேலைக்கு வந்தவர் போலவும் இல்லை, வாங்க வந்தவர் போலவும் இல்லை. போன தடவையும் இதே இடத்தில் இருந்தார்.

"யாருடா அது?"

"அவரா? கூட இருக்காரு," என்றான் மைத்துனன், திரும்பிப் பார்க்காமலே.

அந்த ஆள் துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து, மழை வரலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், துடைப்பம் முன்னறை மேசையில் கணினியைத் திறந்தான். புது பிளாஸ்டிக் வாசனையோடு இன்னொரு வாசனையும் லேசாக வந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ தூங்கி எழுந்தால் வருமே, அது. திரையில் ஒரு மஞ்சள் முகம் தோன்றியது. பெயர் தோழி. உரிமையாளரின் முகத்தையும் குரலையும் காட்டினால்தான் மேலே போக முடியும் என்றது.

துடைப்பத்துக்கு இதற்கென்று ஒரு தொழில்முறை உண்டு. தன் முகத்தை எந்த மெஷினுக்கும் அவன் கொடுத்ததில்லை. அலுவலகத்தில் என்றால், உட்கார்ந்தபடி தூங்கும் காவலாளியின் முகத்துக்கு நேரே கணினியைப் பிடிப்பான். அங்கே பாதி மெஷின்களுக்குக் காவலாளிதான் முதலாளி.

"இங்க வா கொஞ்சம்," என்று மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். வேலை செய்யும்போது வார்த்தை இல்லாமல் ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பாள். என்ன பாட்டு என்று அவளுக்கும் தெரியாது.

"இதைப் பார்த்து ஏதாவது சொல்லு."

"எதுக்குங்க?"

"சும்மா சொல்லேன்."

"மொட்டை மாடியில துணி காயுது. மழை வந்தா எடுக்கணும்," என்றாள் கணினியிடம், மரியாதையாக.

உரிமையாளர் இணைக்கப்பட்டார் என்று எழுத்து வந்தது. மஞ்சள் முகம் இன்னும் கொஞ்சம் சிரித்தது.

"என் மூஞ்சியை எதுக்குக் குடுத்தீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"உன் மூஞ்சிதானே, தேஞ்சா போயிடும்?"

அவள் முறைத்துவிட்டுப் போனாள். முனகல் மறுபடி தொடங்கியது. துடைப்பம் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

கேட்காமல் வந்தவை வரிசையாக நின்றன. முதலில் வானிலை. வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? நீக்கினான். நீக்கும்போது கணினி ஒரு சத்தம் போட்டது. டிக் என்று இல்லை; ஈரமான ஒன்றைக் கிள்ளி எடுப்பது போன்ற சத்தம்.

சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் வாசலில் நின்று கத்தினாள். "மேல் வீட்டம்மா! துணியெல்லாம் நனையுது, அங்க நின்னு என்ன பண்றீங்க?"

துடைப்பம் படியேறிப் பார்த்தான். மொட்டை மாடியில், நனையும் துணிகளுக்கு நடுவே, அவள் முழுக்க நனைந்து நின்றுகொண்டிருந்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் ஒழுகி வாய்க்குள் போனது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"மழை பெய்யுதுடி!"

"அப்படியா?" என்றாள்.

கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தான். களைப்பாக இருக்கும், வாரம் முழுக்கக் குழந்தைகளோடு கத்துகிறாள். துண்டை எடுத்து அவள் தலையில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினான். அடுத்தது பாட்டுப் பெட்டி. நீக்கினான். அதே ஈரச் சத்தம். சமையலறையில் முனகல் நின்றது. பாட்டு முடிந்து நிற்கவில்லை. ஏறிக்கொண்டிருந்த இடத்தில், பாதியில். மழைச் சத்தம் திடீரென்று வீட்டுக்குள் வந்துவிட்டது போல் இருந்தது. நல்லது, கவனம் கலையாது என்று நினைத்தான்.

அடுத்தது நினைவூட்டி. நீக்கினான்.

கருகும் பால் ஒரு தனி நாற்றம். முதலில் இனிப்பாக வரும், பிறகு தொண்டையைப் பிடிக்கும். அவன் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாத்திரத்தின் அடி சிவந்திருந்தது. அதற்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், அவள் பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணு என்ன பின்னாடியா இருக்கு? அடுப்பை அணைக்கக்கூடத் தெரியாதா?" என்று கத்தினான்.

"எந்த அடுப்பு?" என்றாள்.

கொஞ்சம் பயம் வந்தது. டாக்டரிடம் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் இருப்பார்? அவளைச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். அவன் டம்ளரை எடுக்கும்வரை குடித்துக்கொண்டே இருந்தாள், தண்ணீர் தீர்ந்த பிறகும்.

முன்னறைக்கு வந்தால், நீக்கியவை இருந்த இடமெல்லாம் வெறுமையாக, சுத்தமாக இருந்தது. நடுவில் தோழி மட்டும் மிச்சம். அதுதான் எல்லாவற்றுக்கும் வேர். வேரை விட்டுவிட்டுப் பெருக்குவது பெருக்கலே ஆகாது. நீக்கு என்றான். ஒரு எச்சரிக்கை வந்தது: இதை நீக்கினால் உரிமையாளருக்குப் பாதிப்பு நேரலாம்.

"இந்தப் பூச்சாண்டி எல்லாம் யாருகிட்ட?" என்று சத்தமாகவே கேட்டான்.

மனசின் ஓரத்தில் ஏதோ ஒன்று, மழை, பாட்டு, பால் என்று வரிசையாக விரல் நீட்டிக் காட்டியது. துடைப்பம் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, இவ்வளவு வருஷம் பேசிய பேச்சை நினைத்துக்கொண்டான். மஞ்சள் முகத்துக்குப் பயந்து கையை எடுத்துவிட்டான் என்று நாளைக்கு மைத்துனன் சிரிப்பானே. விரல் இறங்கியது.

இந்தத் தடவை சத்தம் கணினியிலிருந்து வரவில்லை. சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து வந்தது.

மெதுவாகத் திரும்பினான். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக அவள் முகத்தில் விழுந்து, மின்சாரம் போன டி.வி. கண்ணாடியில் தெரிவது போல, அறையை அதில் காட்டியது. நாற்காலி தெரிந்தது. விளக்கு தெரிந்தது. அவன் தெரிந்தான். அவள் தெரியவில்லை.

"ஏய்," என்றான்.

தோளைத் தொட்டான். சூடு இருந்தது. புதுக் கணினியின் அடிப்பக்கம் மாதிரி, ஒரே அளவான சூடு. மூக்கருகே கை வைத்தான். மூச்சு வந்தது. பிறகு வந்தது. பிறகு, காத்திருந்து காத்திருந்து, வந்தது.

மைத்துனனுக்கு போன் போட்டான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா மாமா?" மறுமுனையில் குரல் அமைதியாக இருந்தது. "அக்கா எப்படி இருக்கா?"

"நான் இன்னும் அவளைப் பத்திச் சொல்லவே இல்லையேடா."

"திரும்பப் போட்டுடுங்க. மீட்டெடுன்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்குங்க. பழையபடி வந்துடும், கூட வர்றதோட." பின்னாலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். மைத்துனன் யாருக்கோ கீழ்ப்படிந்து போனை வைத்தான்.

மீட்டெடு. இருந்தது. அமுக்கினான். திரை முழுவதும் பொடி எழுத்தில் ஒப்பந்தம் விரிந்தது. அடியில், எங்கோ தொலைவில், சம்மதம்.

துடைப்பம் படிக்க ஆரம்பித்தான். உலகத்தில் இதைப் படிப்பவன் தான் ஒருவன்தான் என்று ஊரெல்லாம் சொன்னவன், படித்தான். உரிமையாளர் என்பது இனிமேல் என்று ஆரம்பித்த ஒரு வாக்கியம் மூன்றாம் பத்தி வரை போயும் முடியவில்லை. உடன் வருவோர் என்று ஒரு சொல் அடிக்கடி வந்தது. இடம் தருதல் என்று வந்தது. வீட்டில் ஏற்கெனவே இருப்போரின் நிலை என்று ஒரு தலைப்பு வந்தது. அதற்குக் கீழே படிக்கப் போனபோது பின்னால் மூச்சு வந்தது.

காத்திருந்தான்.

மழை.

மூச்சு வரவில்லை.

திரும்பிப் பார்த்தான். அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. உதடு வெளிறிக்கொண்டிருந்தது.

படிக்கவில்லை. ஒரே இழுப்பில் அடிக்குப் போனான். ஆள்காட்டி விரல்.

சம்மதம்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "பாலைக் கருக விட்டுட்டேன் பாருங்க," என்று சமையலறைக்குப் போனாள். பாட்டு மறுபடி ஏறியது, நின்ற அதே இடத்திலிருந்து. துடைப்பம் மேசையில் தலை வைத்து அழுதான். சந்தோஷமாகத்தான் அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். முனகல் ஒரு குரலில் இல்லை.

ஒன்று அவளுடையது. இன்னொன்று குளியலறையிலிருந்து. தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு. இன்னொன்று படுக்கையறை. கட்டில் கிறீச்சிட்டது. யாரோ செருமினார்கள். யாரோ அவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவனுக்குத் தெரியும் அந்தச் சத்தம். இடது செருப்பில் வார் தேய்ந்திருக்கும்.

பூட்டிய அறையின் வாசனை. இப்போது வீடு முழுக்க.

"சாப்பிட வாங்க எல்லாரும்!" என்றாள் அவள்.

வந்தார்கள். சாம்பல் நிறச் சட்டைகள். சாம்பல் நிறப் புடவை ஒன்று. நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அவன் தட்டை எடுத்துக்கொண்டார். சாம்பல் புடவை, அவளுக்குப் பின்னால் நின்று, ஈரக் கூந்தலை விரலால் கோதிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். முடியாத சிரிப்பு.

"இவங்கல்லாம் யாரு?" என்றான். மறுபடி கேட்டான். "யாரு இவங்க?"

அவள் நிமிர்ந்தாள். அவனைத்தான் பார்த்தாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பது மாதிரி.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள், கையில் நனைந்த துணி மூட்டையோடு. "கொடியில அப்படியே கிடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்." உள்ளே எட்டிப் பார்த்தாள். "அடேயப்பா, வீடு நிறைய ஆளு! எல்லாம் சொந்தமா?"

"ஆமா," என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

நாற்காலி ஒன்றும் காலியில்லை. மூலையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. இதுவரை அங்கே இருந்ததில்லை. துடைப்பம் அதில் போய், ஓரமாக, உட்கார்ந்தான். கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அது யாரு, அங்க ஓரத்துல?" என்று கேட்டாள் கீழ்வீட்டு அம்மாள்.

"அவரா?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே. "கூட இருக்காரு. ஒண்ணும் பண்ண மாட்டாரு."

கீழ்வீட்டு அம்மாள் அவனைப் பார்த்தாள். துடைப்பம் கத்த வாயைத் திறந்தான். உதடுகள் விரிந்தன. இன்னும் விரிந்தன. நிறுத்தப் பார்த்தான்.