பல் குத்தும் நகம்

பட்டாணி என் தம்பி. ஐந்து வயது. அவனுக்கு டைனோசரைப் பற்றி என்ன தெரியும்? நான் சொல்லிக்கொடுத்ததுதான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சித்தி அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே பாரியானிக்ஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு புதிதாக வந்திருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒரு குழந்தையின் பதிவுசெய்த குரல் அந்த டைனோசரைப் பற்றிப் பேச வேண்டும்.

"பட்டாணி பேசட்டும்" என்றார் சித்தி.

"அப்ப நான்?"

"உன் குரல் டீச்சர் குரல் மாதிரி இருக்கும்மா. இவன் பேசினா கேக்க நல்லாயிருக்கும். நீ சொல்லிக்கொடு, போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்து விழுந்து படித்தது நான். பெயர் வாங்கப்போவது இவன். அம்மா அவன் கன்னத்தை வேறு கிள்ளிக் கொஞ்சினார்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தேன்.

"இது முதலையாக்கா?"

"மூஞ்சி மட்டும்தான் முதலை மாதிரி. ரெண்டு கால்ல நடக்கும். பஸ் நீளம் இருக்கும். தண்ணியோரமா நின்னு மீன் பிடிக்கும்."

"மீன் தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? நீ பாத்தியா?"

"எலும்புக்கூட்டுல வயிறு இருந்த இடத்துல மீன் செதில் கெடைச்சுதுடா."

"கட்டைவிரல்ல இவ்ளோ பெரிய நகம் எதுக்கு?"

அந்த நகம் ஒரு ஸ்கேல் நீளம் இருக்கும். மீனைக் குத்தித் தூக்க உதவியிருக்கும் என்று நினைக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பல் குத்த. மீன் முள்ளு மாட்டிக்கும்ல?"

பட்டாணி பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினான். குளிக்கும்போதுகூட "பல் குத்த, பல் குத்த" என்று மனப்பாடம் செய்தான். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் எல்லோர் முன்னாலும் அவன் அசடு வழியப்போவதை நினைத்தால் இனிக்கவும் செய்தது.

சனிக்கிழமை, ஒலிப்பதிவு அறை. காதில் ஹெட்போன் மாட்டிய மாமா ஒருவர் கைகாட்டினார். பட்டாணி தடுமாறாமல் பேசினான். முதலை மூஞ்சி, பஸ் நீளம், மீன் செதில், எல்லாம் சரி.

"பெரிய நகம் எதுக்குன்னா, பல் குத்த."

மாமா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது.

பட்டாணி என்னைத்தான் பார்த்தான். உதடு பிதுங்கியது.

"அக்கா, நீ சொன்னதை நான் மறந்துட்டேனா?"

என் மேல் அவனுக்குத் துளிகூட சந்தேகம் வரவில்லை.

"நீ சரியாத்தான்டா சொன்னே. நான்தான் வேணும்னே தப்பா சொல்லிக்கொடுத்தேன்."

சித்தியின் சிரிப்பு நின்றது. "ஏம்மா?"

"எல்லாரும் அவனையே கொண்டாடுறீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு."

பட்டாணி நாற்காலியிலிருந்து இறங்கினான். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, எங்க அக்காவுக்கு வயிறு எரியுதாம். தண்ணி குடுங்க."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். நான் கடகடவென்று குடித்தேன். சித்தி இன்னொரு நாற்காலியை மைக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டார்.

"அவன் கேக்கட்டும். நீ பதில் சொல்லு. இந்தத் தடவை ஒழுங்கா."

பட்டாணி ஒவ்வொன்றாகக் கேட்டான், நான் சொன்னேன். நகத்துக்கு வந்ததும் சரியாகவே சொன்னேன்.

பதிவு முடிந்ததும் அவன் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"இப்ப எரியுதா?"

"இல்லடா" என்றேன். பொய் சொல்லவில்லை.