கல்யாணப் படத்தின் பின்னால்

"வேணாம்மா... அந்தப் படத்துல மட்டும் கைய வைக்காத!"

முனியம்மாள் சுவரை மறித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் ராஜாராமுக்கு வருஷத் திவசம். அவர் முகம் தெளிவாக இருப்பது ஒரே படத்தில்தான்: முனியம்மாளோடு மாலையும் கழுத்துமாக நிற்கும் கல்யாணப் படம். அவரை மட்டும் தனியாகப் பெரிதாக்கி வர வேண்டுமென்று, மூத்த தாரத்து மகள் சுகிர்தா செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் மானாம்பதிக்கு வந்திருந்தாள்.

"இன்னா சின்னம்மா, எங்கம்மா படத்த எரிச்ச. இப்ப எங்கப்பா படத்தயும் தர மாட்டியா?"

முப்பத்து மூன்று வருஷமாகக் கேட்கும் வார்த்தை. முனியம்மாள் சுவரோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

"உத்திரமேரூர் போட்டோக் கடக்காரரு மத்தியானம் பூட்டிக்கினு பூடுவாரு. ரெண்டு பேரும் அப்பால சண்ட போடுங்க," என்ற முனியம்மாளின் மகன் தினகரன், அம்மாவை நகர்த்திவிட்டுப் படத்தை இறக்கி ஆணிகளைப் பிடுங்கினான்.

முதலில் கண்ணாடி, அதன்மேல் படம், படம் அழுந்தி நிற்க ஓர் அட்டை, கடைசியில் பலகை. ஃபிரேம் போடுகிறவர்கள் இப்படித்தான் அடுக்குவார்கள். அட்டைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய பொருள் ஒன்று யாருக்கும் தெரியாமல் கிடக்கலாம். அங்கிருந்து இரண்டு புகைப்படங்கள் முகத்தோடு முகம் ஒட்டியபடி விழுந்தன. பின்பக்கத்தில் ராஜாராமின் எழுத்து: 'சிட்டம்மாள், குழந்தை சுகிர்தாவுடன்.'

"அம்மா...!" பெற்றவளின் முகம் சுகிர்தாவுக்கு நினைவே இல்லை. நகத்தைக் கொடுத்து இழுத்தாள்.

"இழுக்காத கண்ணு... இரு...!"

சர்ரென்று பிரிந்தது. இரண்டிலும் சேலை இருந்தது, வளையல் கை இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள்.

படம் தாளில் இருப்பதில்லை. தாளின்மேல் பூசிய பசையில்தான் இருக்கிறது. ஏரி நிரம்பும் வருஷங்களில் அந்த வீட்டு மண்சாந்துச் சுவரில் ஈரம் ஏறும். ஈரத்தில் பசை இளகும், காயும்போது எதிரே தொட்டதைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்திருந்தால் ஒருவேளை மெல்லப் பிரிந்திருக்கும். அந்த வீட்டில் யாருக்கு அது தெரியும்?

"எரிச்சிட்டேன்னு சொன்னியே... இத்தினி வருசமா ஒளிச்சி வெச்சிக்கினு நான் அழுவறத வேடிக்க பாத்தியா?"

"மூஞ்சி ஒராயக் கூடாதுன்னுதாம்மா ஒண்ணுமேல ஒண்ணு கவுத்து வெச்சேன்... நானே பாழாக்கிட்டேனே!"

தினகரன் ஒரு படத்தை வெளிச்சத்தில் திருப்பினான். "அக்கா, இங்க பாரு. ஓரம் கருகிக் கீது."

சுகிர்தா நிமிர்ந்தாள். "அடுப்புல போட்டது யாரு?"

முனியம்மாளின் கண் கண்ணாடிக்குள் மாலையோடு நின்றவர்மேல் போய் விழுந்தது.

"அவர ஒண்ணும் சொல்லாத... செத்தவ பார்வ புதுசா வந்தவ மேல பட்டா ஆவாதுன்னு யாரோ சொன்னத நம்பிட்டாரு. அவரு அந்தாண்ட போனதும் அடுப்புலேர்ந்து இழுத்துட்டேன். உனக்கு இருந்தது அப்பா ஒருத்தருதான். அவர நீ வெறுத்துட்டா, அப்பால உனக்கு யாரு கீறாங்க? அதான்... நான் எரிச்சேன்னே இருக்கட்டும்னு..."

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசி ஆள் அப்பா.

"சின்னம்மா... அவங்க மூஞ்சிய நீ பாத்தியா?"

"ஒரே ஒரு தபா. அடுப்பாண்ட."

"சொல்லு."

"நெத்தி அகலம். சுருட்ட முடி. மூக்குத்தி... எந்தப் பக்கம்? ஐயோ, நெனப்பு வரலியேம்மா!" முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சுகிர்தா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பரவால்லம்மா. தெரிஞ்சத சொல்லு."

முனியம்மாள் கண்ணை மூடினாள்.

"போட்டோக்காரரு நேரா பாருன்னு சொல்லியிருப்பாரு. அவ பாக்கல. குனிஞ்சி, மடில கீற உன்னயே பாத்துக்கினு இருந்தா."