இரண்டு பேர் வந்து ஒருவர் போனால்

இருவாச்சி வந்துவிட்டது, ஆனால் கூட்டுக்கு வரவில்லை. பக்கவாட்டில் இருந்த மரத்தின் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, அலகு நுனியில் ஒரு சிவப்புப் பழத்தைப் பிடித்தபடி, இருபது நிமிடமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து, அவள் படம் பிடிக்க ஒளிந்திருந்த மறைவிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸ் எட்டிப் பார்க்கும் துளையை அது பார்த்திருந்தால் அவளுக்குக் காரணம் புரிந்திருக்கும். கை அசைந்திருக்கும், கண்ணாடி மினுங்கியிருக்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். அது பார்த்ததோ மறைவிடத்தின் பின்பக்கத்தை. விடியுமுன் அவள் கணவர் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போன வாசலை.

பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. அவளுடைய தொழிலே அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடியது. தனியாக வந்து மறைவிடத்துக்குள் நுழைந்தால் பறவை அதை மறக்காது, நாள் முழுக்கக் கிட்டே வராது. இரண்டு பேராக வந்து, ஒருவர் உள்ளே போய், மற்றவர் சத்தமாகத் திரும்பி நடந்தால் போதும், ஆள் போயாயிற்று, இடம் காலி என்று நம்பிவிடும். அதனால் எட்டு நாளாக விடிவதற்கு முன்பே இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவளை உள்ளே விட்டுவிட்டு, அவர் வேண்டுமென்றே இருமிக்கொண்டு, ஒரு பழைய பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு, சருகை உதைத்துக்கொண்டு திரும்பிப் போவார்.

“பறவைக் கணக்குல நீ பூஜ்ஜியம், தெரியுமா?” என்றார் இன்று காலை ஜிப்பில் கை வைத்தபடி.

“வீட்டுக் கணக்குலயும் அப்படித்தானே.”

“ஐயோ, விடியறதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா! நாலரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் யாரையாவது திட்டணும்னா மனசுக்குள்ளயே திட்டிக்கோ.”

அவர் ஒலிப்பதிவாளர். அவள் படம் பிடிக்கும் பறவைகளின் குரலை அவர் பதிவு செய்வார். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அந்தக் காட்டில் கத்தும் எதற்கும் பெயர் சொல்லிவிடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில், உலகத்தில் கத்துகிற எல்லாவற்றுக்கும் காது கொடுக்கிற மனிதர் தனக்கு மட்டும் கொடுப்பதில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார். அவரிடமே அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவர் இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை, இருக்கவும் தெரியாது.

மறைவிடம் பலகையால் அடித்த ஒரு பெட்டி. உள்ளே ஒரு முக்காலி, கேமரா தாங்கி, அவசரத்துக்கு ஒரு காலிப் பாட்டில், உறை சரசரக்கும் என்று துணியில் மாற்றி முடிந்துவைத்த பிஸ்கட். மழைக்கோட்டும் சரசரக்கும் என்பதால் அதை வெளியே பின்பக்க ஆணியில் மாட்டிவிடுவாள். முன்னால் லென்ஸுக்கு ஒரு துளை, அதன் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒரு கீறல். பின்னால் வாசலில் தடித்த கேன்வாஸ், நடுவில் ஜிப். எதிர் மரத்துப் பொந்தில் பெண் இருவாச்சி மண்ணையும் எச்சத்தையும் குழைத்துத் தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவு சந்து மட்டும் விட்டிருந்தது. ஆண் கொண்டுவந்து ஊட்டினால்தான் அதற்கும் குஞ்சுக்கும் உயிர். ஊட்டுகிற அந்த நொடி படமாகக் கிடைத்தால் பத்திரிகைக்கு அட்டைப்படம் ஆயிற்று. அதைக் காட்டி இந்தப் பகுதியில் மரம் வெட்டுவதை நிறுத்திவிடலாம் என்று காட்டைக் காப்பாற்றப் போராடுகிறவர்களும் சொல்லியிருந்தார்கள். எட்டு நாளில் உருப்படியாக ஒன்றுகூடத் தேறவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டது.

பாதை ஓடையைத் தாண்டும் இடத்தில் கூழாங்கற்கள் கிடந்தன. அங்கே யார் கால் வைத்தாலும் கற்கள் ஒன்றோடொன்று உரசும். முதலில் அழுத்தமான காலடி ஒன்று, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே, கல்லைத் தொட்டும் தொடாமலும் இன்னொன்று. இரண்டு பேர். வனக்காவலர்களாக இருக்கும், போச்சு, இன்றைக்கும் போச்சு என்று பல்லைக் கடித்தாள். காலடிகள் ஈரச் சருகின் மேல் நேராக வந்து மறைவிடத்தின் பின்பக்கம் நின்றன. நேற்றுப் பெய்த மழை இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் சத்தமும், ஒரு தவளை விட்டுவிட்டுக் கத்தும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. புதிதாகத் தோண்டிய குழியிலிருந்து வருவது போன்ற ஈரமண் வாசனை மட்டும் மெல்ல உள்ளே வந்தது.

பிறகு ஒருவர் கிளம்பினார். சத்தமாக இருமிக்கொண்டு, சருகை உதைத்துக்கொண்டு, ஏதோ மெட்டை முனகிக்கொண்டு. கூழாங்கற்கள் உரசின. சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்தான். பறவை வராமல் முரண்டுபிடிப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, யாரையோ கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி ஒரு முறை நடந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார். மனிதருக்குக் காது இல்லாவிட்டாலும் மூளை இருக்கிறது என்று மனம் குளிர்ந்தது. அதற்கேற்ற மாதிரி இருவாச்சியும் கிளையை விட்டது. இறக்கைச் சத்தம் தலைக்கு மேலே புஸ்புஸ்ஸென்று இரைந்துகொண்டு போனது. பொந்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, கழுத்தை வளைத்து, சிவப்புப் பழத்தைச் சந்துக்குள் நீட்டியது. உள்ளிருந்து வந்த அலகு நுனி அதை வாங்கியது. மரத்தண்டில் வெளிச்சம் தேன் நிறத்தில் விழுந்திருந்தது. நாற்பது படம் எடுத்தாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கேமராவின் பின்திரையில் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கணக்கு உதைத்தது.

அவள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாள். அவர் யாரையாவது கூட்டி வந்திருந்தால் இரண்டு பேரும் அல்லவா திரும்பியிருக்க வேண்டும்? வந்தது இரண்டு. போனது ஒன்று. அந்த ஒன்று போன சத்தத்தைக் கேட்டுவிட்டு, பின்பக்கம் காலி என்று அவளும் நம்பினாள். பறவையைப் போலவே, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல். இது பறவைக்காக நடத்தப்பட்ட நாடகம் இல்லை, அவளுக்காக.

முதுகுக்குப் பின்னால் அரை முழத்தில் கேன்வாஸ் இருந்தது.

“ஏங்க?” என்றாள், உதடு மட்டும் அசைகிற அளவுக்கு.

காதைத் தீட்டிக்கொண்டு அவள் மூச்சை நிறுத்தியபோது வெளியிலும் ஏதோ நின்றது. அதுவரை அந்தச் சத்தத்தைக் காற்று என்று நினைத்திருந்தாள். மறுபடி மூச்சு விட்டாள். வெளியிலும் அது தொடங்கியது. அவளுடைய மூச்சோடு சேர்ந்து, ஒரே அளவில்.

அதன் பிறகு அந்தச் சத்தம். தப். தப். தப். ஈரமான எதையோ எடுத்து, கேன்வாஸின் மேல் வைத்து, உள்ளங்கையால் அடித்து, தடவி விடுகிற சத்தம். அவசரமே இல்லை. கீழிருந்து தொடங்கி, ஒரு கை அகலம் முடிந்ததும் அடுத்த கை அகலத்துக்கு நகர்ந்தது. நடுநடுவே நின்றது. மண் எடுக்கப் போகிறதாக இருக்கும். போகிற காலடியோ வருகிற காலடியோ கேட்கவில்லை.

பதினொரு மணி. பன்னிரண்டு. கைபேசியில் சிக்னல் என்பதே இந்தக் காட்டில் கிடையாது. முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது. மண் வாசனையின் அடியில் வேறொரு வாசனையும் இருந்தது, அடைத்துவைத்த அலமாரியைத் திறந்தால் வருகிற மாதிரி. ஒரு மணிக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஜிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். இரண்டு விரல் அளவு வந்து நின்றுவிட்டது. பற்களுக்கு நடுவிலிருந்து குழைந்த சேறு உள்ளே பிதுங்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெளியிலிருந்து ஒரு விரல் அந்த இடைவெளியைத் தேடி வந்து, பிதுங்கிய சேற்றைத் தன் பக்கம் இழுத்து, தடவி, அடைத்துவிட்டுப் போனது. சாம்பல் நிற விரல். நகம் இல்லை.

அவள் கத்தவில்லை. கத்தினால் கேட்க யார் இருக்கிறார்கள்? பலகையைத் தோளால் இடித்தாள், அசையவில்லை. இந்தப் பெட்டியைக் கரடி வந்தாலும் உடைக்க முடியாதபடி அடித்துக் கொடுத்தவரே அவர்தான். கேன்வாஸை உதைத்தாள். கல்லை உதைத்த மாதிரி இருந்தது.

நாலரைக்கு அவர் வருவார். அவர் வந்தால்தான் அவளுக்கு விடுதலை. ஆனால் அவர் வந்தால் அதனிடம் அல்லவா வருவார்? இருமிக்கொண்டு, பாடிக்கொண்டு, தன்னந்தனியாக. வராமல் இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் வேண்டினாள், வந்துவிடட்டும் என்று மறுநிமிடம் வேண்டினாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். கூழாங்கற்கள் உரசுகிற சத்தம் கேட்டதும் தொண்டை கிழியக் கத்துவது. ஓடச் சொல்வது. அவர் பிழைத்தால் போதும். அப்படி நினைத்ததும் அழுகை வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாலு மணிக்குத் தப் தப் சத்தம் நின்றது.

பின்பக்க ஆணியில் ஏதோ சரசரத்தது. அவளுடைய மழைக்கோட்டு.

நாலரை. கூழாங்கற்கள். இருமல். தப்பும் தவறுமாக அந்தப் பாட்டு.

“வராதீங்க!” என்று கத்தினாள். “கிட்ட வராதீங்க! ஓடிப்போயிடுங்க!”

பாட்டு நிற்கவில்லை. லென்ஸைத் தள்ளிவிட்டுக் கீறலில் கண்ணை வைத்தாள். பாதை வளைந்து மறைவிடத்தின் முன்பக்கம் வரும் இடத்தில் அவர் தெரிந்தார். தோளில் பை, கழுத்தில் ஹெட்போன், முகத்தில் வழக்கமான அசட்டுச் சிரிப்பு. மறைவிடத்தின் பக்கவாட்டிலிருந்து அவளுடைய பச்சை மழைக்கோட்டு அவரை நோக்கி நடந்து போனது. தலையை மூடியிருந்தது. அவளுடைய உயரம்தான். கால் மரத்துப்போன நாளில் அவள் நொண்டுவாளே, அப்படியே நொண்டியது.

“என்ன, நீயே வெளிய வந்துட்டியா? படம் கெடைச்சுதா?”

“கெடைச்சுது,” என்றது. அவளுடைய குரல். பெருமையை மறைத்துக்கொண்டு சொல்லும்போது கடைசி எழுத்தை விழுங்குவாளே, அதுகூட. “நாப்பது படம்.”

“அடிப்பாவி! நாப்பதா! இன்னிக்கு ராத்திரி உன்னைத் தாங்க முடியாதே.”

அது சிரித்தது. அவள் சிரிப்பு.

அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதினாறு வருடத்தில் வாய்விட்டுச் சொல்லாத பெயர். பலகையைக் கையால் அறைந்துகொண்டு, மறுபடி மறுபடி கத்தினாள்.

அவர் நின்றுவிட்டார். மறைவிடத்தின் பக்கம் திரும்பினார். நேராகக் கீறலைப் பார்த்தார். ஆமாம், பார்த்தார். அவளுக்கு உயிர் வந்தது.

“ஷ்ஷ்,” என்றார், பக்கத்தில் இருந்ததிடம் கையைக் காட்டி. “கேட்டியா?”

“என்னது?”

“இது என்ன பறவை? இந்தக் காட்டுல இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே.”

பையிலிருந்து மைக்கை எடுத்தார். கைகள் பரபரத்தன. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மைக்கை மறைவிடத்தை நோக்கி நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் மறந்து கேட்கும் அந்த முகம். தன் பக்கம் ஒரு நாளாவது திரும்பாதா என்று அவள் ஏங்கிய முகம்.

“வாங்க, இருட்டிடும். போகலாம்,” என்றது அவள் குரல்.

“இரும்மா. இன்னும் ஒரு தடவை கத்தும்.”

மழைக்கோட்டின் தலை கீறல் பக்கம் திரும்பியது. உள்ளே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரச் சேறு வழவழவென்று தடவப்பட்டிருந்தது, வாய் இருக்கும் இடத்தில் ஒரு சந்து மட்டும் விட்டு.

கத்தினால் அவர் அங்கேயே நிற்பார். கத்தாவிட்டால் அதோடு வீட்டுக்குப் போவார்.

கத்தினாள்.

“அருமை,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல், மைக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. அவர் தோளின் மேல் மழைக்கோட்டின் கை ஊர்ந்து ஏறியது. சாம்பல் நிற விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து அவர் கழுத்தருகே படிந்தன. அவள் கத்திக்கொண்டே எண்ணினாள். ஆறு, ஏழு. இன்னும் வந்துகொண்டிருந்தன. அவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டே நின்றார்.