பனிநிலாவில் இன்னொரு இன்னாசி

மாதத்தின் முதல் வியாழன் என்றால் மணப்பாட்டு ஒத்திசைவகத்தில் காலையிலேயே ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். தேநீர் குடித்துவிட்டு, முறை வரும்போது உள்ளே போய்க் கட்டிலில் படுப்பார்கள். அங்கே வேலை பார்க்கும் ஜெனோவா, படுத்தவர்களின் தலையில் மெல்லிய வலைத்தொப்பியை மாட்டிவிட்டு, விசைப்பலகையில் ஒற்றை வரிக் கட்டளை ஒன்றைத் தட்டுவாள். ‘ஒத்திசை’ என்பது அதன் முதல் சொல். அடுத்தது மூலம், அதாவது எங்கிருந்து எடுப்பது. அதற்கடுத்தது இலக்கு, எங்கே சேர்ப்பது. சற்று நேரத்தில் கண் விழிப்பவர்கள் சட்டென்று எழ மாட்டார்கள். வெயில் கொளுத்தும் அறையில், குளிருக்கு உள்ளங்கைகளைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் அப்போதுதான் சனிக்கோளின் நிலாக்களில் ஒன்றான பனிநிலாவில், பனிப்பாறைக்கு அடியிலிருக்கும் கடலில், ஒரு மாதம் வாழ்ந்த நினைவைப் பெற்றிருப்பார்கள். அந்தக் கடலை மனித உடல் தாங்காது. அதனால் மனத்தை மட்டும் படியெடுத்து, நீந்துடல் என்ற இயந்திரத்தில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரே ஆள் இங்கேயும் இருப்பார், அங்கேயும் இருப்பார். ஒரு முழு மனத்தை வானத்தைத் தாண்டி அனுப்பப் பல வருடம் பிடிக்கும். ஆனால் இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஒன்றாக இருப்பதை எதற்கு அனுப்ப வேண்டும்? போன மாதத்துக்குப் பிறகு மாறியது மட்டும் அங்கிருந்து இங்கே வரும், இங்கிருந்து அங்கே போகும். மாதா மாதம் இருவரும் மறுபடி ஒருவராகிவிடுவார்கள்.

இன்னாசிக்கு மட்டும் அது நின்றுபோய் ஒன்பது வருடமாகியிருந்தது. அவருடைய அங்கத்திய பாதி ஒரு பனிப்பிளவுக்குள் இறங்கியபோது இணைப்பு அறுந்தது. தொலைந்துவிட்டதென்று எழுதிவிட்டார்கள். இன்னாசி கொஞ்ச காலம் துக்கம் காத்தார். பிறகு கல்யாணம் செய்துகொண்டார். அமலி பிறந்தாள். அப்பா இறந்தபோது பக்கத்தில் இருந்தார்.

போன வாரம் பிளவுக்குள்ளிருந்து அந்தப் பாதியின் செய்தி ஒன்று வந்தது. ‘இங்கே உயிர் இருக்கிறது.’ அவ்வளவுதான். உலகமே அண்ணாந்து பார்த்தது.

இந்தப் பயணங்களை நடத்தும் இயக்ககத்தின் உத்தரவு மறுநாளே வந்துவிட்டது; அங்கே பார்த்தவரின் நினைவே அதற்கு வேண்டுமாம். மூலம் பனிநிலா. இலக்கு மணப்பாடு. கூடவே ‘நீக்கு’. அந்தச் சொல்லை ஜெனோவா அதுவரை ஒரு மனிதர்மேல் பயன்படுத்தியதில்லை. ஒரு மாதத்து நினைவுகள் இரண்டு ஒரு தலைக்குள் அக்கம்பக்கமாக இருந்துகொள்ளும். ஒன்பது வருடத்து வாழ்க்கை இரண்டு இருக்காது. முன்பு முயன்று பார்த்த ஒருவருக்கு எந்தக் கை தன்னுடையது என்றே கடைசிவரை தெரியவில்லை. ஆகவே, மூலத்தில் இல்லாதது எதுவோ அதை இலக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இளவயதில் பணியில் சேரும்போதே இதற்கெல்லாம் இன்னாசி சம்மதித்திருந்தார்.

வியாழக்கிழமை அவர் மனைவியையும் அமலியையும் வெளிக்கூடத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு படுத்தார். ஜெனோவா கட்டளையின் முடிவில் ‘ஒத்திகை’ என்று சேர்த்துத் தட்டினாள். அப்படித் தட்டினால் எதுவும் மாறாது. எதெல்லாம் மாறும் என்று திரை காட்டும், அவ்வளவே. பனிநிலா தன் நினைவுகளின் அடையாளக் குறிகளை முன்பே அனுப்பியிருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுத் திரை ஓடத் தொடங்கியது.

நீக்கப்படும்: கல்யாணத்தன்று பெய்த மழை. நீக்கப்படும்: அப்பாவின் கடைசி மூச்சு. நீக்கப்படும்: குழந்தையின் உச்சந்தலை வாசனை. வரிகள் நிற்கவே இல்லை.

இன்னாசி தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜெனோவாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“போடு, ஜெனோவா” என்றார்.

“அண்ணே, வெளிய பிள்ள உக்காந்திருக்கா.”

“தெரியும். அவகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். மனுசன் பொறந்த நாள்லருந்து யாரும் பாக்காதத அங்க அவன் பாத்துட்டு நிக்கான். இது என் ஒருத்தன் விசயமா?” அவர் மறுபடி திரையைப் பார்த்தார். “எனக்கும் அதப் பாக்கணும்னுதான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

ஜெனோவாவின் விரல்கள் பலகையின்மேல் இருந்தன. இலக்கிடம் கேட்டாயிற்று. மூலத்திடம், அங்கிருக்கும் இன்னாசியிடம், யாரும் கேட்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கேட்க வேண்டும் என்று விதி இல்லை. கேட்கக் கூடாது என்றும் இல்லை. ஒத்திகையின் முடிவை அப்படியே பனிநிலாவுக்கு அனுப்பினாள்.

ஒளி அங்கே போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். திரும்பி வர அதே அளவு. இன்னாசி எழுந்து வெளியே போய் மகளை மடியில் வைத்துக்கொண்டார். பிற்பகலில் ஒலிபெருக்கி கரகரத்தபோது எல்லாரும் உள்ளே ஓடினார்கள். வந்தது இன்னாசியின் குரலேதான். ஆனால் ரொம்ப நாள் பேசாத ஒருவர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பதுபோல இருந்தது.

“ஜெனோவா, அத ஓட்டாத. முழுசும் பாத்தேன். அதுல ஒரு பிள்ள இருக்கா. அப்பா போயிட்டாருன்னும் அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வாழ்க்க நான் வாழ்ந்ததில்ல. அத அழிக்க நான் யாரு? அவன் வேற ஆளு, நான் வேற ஆளு. நான் பாத்தத வாயாலயே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க.”

அவர் சொன்னார். பிளவின் அடியில் இருட்டான நீரில் வெளிச்சம் ஒன்று திரைச்சீலைபோல விரிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் போகிறதாம். ஒன்றா பலவா என்று தெரியாதாம். வருடக்கணக்காக அதன் முன்னால் மிதந்து கொண்டிருக்கிறாராம்.

“என் வெளக்க அணைச்சேன், அதுவும் அணைஞ்சிச்சு. ஏத்துனேன், அதுவும் ஏத்துச்சு. கண்ணாடி மாதிரி என்னையே திருப்பிக் காட்டுதுன்னு நெனச்சேன். ஒருநா நான் ஏத்துனப்ப அது ஏத்தல. ரொம்ப நேரம் சும்மா இருந்துச்சு. பொறவு, நான் ஒருநாளும் காட்டாத ஒரு மாதிரில ஏத்துச்சு. அது பதில் சொல்லிச்சு, ஜெனோவா. எங்கிட்ட பேசிச்சு.”

எத்தனையோ பேர் தலைக்குள் அந்தக் கடலை ஊற்றியவள் ஜெனோவா. அதை ஒருவர் சொல்ல அவள் கேட்டது இதுவே முதல் தடவை. இன்னாசி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தார்.

அவள் கட்டளை வரியை அழித்தாள். இயக்ககத்துக்கு, மூலமும் இலக்கும் ஒரே ஆள் அல்ல, ஒத்திசைக்க முடியாது என்று எழுதி அனுப்பினாள். அதற்கு என்ன பதில் வரும், தன் வேலை இருக்குமா என்பதையெல்லாம் அப்போது அவள் நினைக்கவில்லை.

அமலி அப்பாவின் தோளைத் தட்டினாள். “அப்பா, அவங்க எனக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா?”

இன்னாசி ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் ஒரே அம்மா, ஒரே பிறந்தநாள். ஜெனோவா ஒலிவாங்கியைக் கீழே இறக்கி, அமலியையே அவரிடம் கேட்கச் சொன்னாள். அமலி கேட்டாள்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வெயில் தாழ்ந்து கடல் மஞ்சளாக மாறியபோது ஒலிபெருக்கி மறுபடி உயிர்பெற்றது.

“நான் உங்கப்பாலருந்து வந்தவன். அதனால எளையவன்தான். சித்தப்பான்னு கூப்பிடு, தாயி. இங்க என்னய யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்ல.”

அமலி ஒலிவாங்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தெருவின் அந்தக் கோடியில் போகிறவரைக் கூப்பிடுவதுபோல, தன்னால் முடிந்த மட்டும் உரக்க, “சித்தப்பா” என்று கூப்பிட்டாள்.