பழுப்பு வளையம்

போலீஸ் ஸ்டேஷனில் போன் அலறியது.

"என் மனைவி... லேப்ல... செத்துக் கிடக்கா..."

அழுதவர் டாக்டர் எவரிஸ்டோ. கெவேடோ ஊரின் கொக்கோ ஆராய்ச்சிக்கூடத்தில் கணவனும் மனைவியுமாக ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள்.

சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு நேராக வந்தாள் இன்ஸ்பெக்டர் ஹசிந்தா.

நியேவெஸ் தரையில் கிடந்தாள். பின்மண்டையில் காய்ந்த ரத்தம். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையே உயிர் போயிருக்கும் என்றார் போலீஸ் டாக்டர்.

எவரிஸ்டோ விம்மி விம்மிச் சொன்னார். நாலு நாள் கார்னிவல் விடுமுறைக்கு அவர் வெள்ளிக்கிழமையே தம்பி வீட்டுக்குப் போய்விட்டாராம். நியேவெஸ் மட்டும் வேலை இருக்கிறதென்று தங்கிவிட்டாளாம். இன்று காலைதான் திரும்பி வந்து பார்த்தாராம். எதையும் தொடவில்லையாம். வழுக்கி விழுந்திருப்பாள், பாவி மகள்...

மேஜையில் மூடி திறந்த பேனா கிடந்தது. ஒரு தாள்கூட இல்லை. அந்தப் பேனாவால் எதில் எழுதினாள்?

பூஞ்சைகளை ஒரே சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியை ஹசிந்தா திறந்தாள். கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடித் தட்டு. பிரித்தால், வெள்ளைப் பூஞ்சை... நடுவில் ஒரு பழுப்பு வளையம்.

"இது என்ன டாக்டர்?"

அழுகைக்கு நடுவிலும் அவருக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான்.

"கொக்கோ காயை அழுக வைக்கிற பூஞ்சை. இருட்டுல, இருபத்தஞ்சு டிகிரில வச்சா வெள்ளையாவே படரும். வெளிச்சம் பட்டா வித்து கட்டிப் பழுப்பாயிடும். திரும்ப இருட்டுல வச்சா, அதுக்கப்புறம் வளர்றது மறுபடி வெள்ளை."

"இந்தப் பேனாக் கோடெல்லாம்?"

"எவ்வளவு வளந்திருக்குன்னு நியேவெஸ் தினமும் போடுற கோடு. கடைசிக் கோடு சனிக்..."

தவளை தன் வாயால் கெடும்.

கடைசிக் கோட்டுக்கு வெளியே பழுப்பு. பழுப்புக்கு வெளியே மறுபடி வெள்ளை.

"கோடு போட்டவ விழுந்துட்டா. தட்டு ராத்திரி பூரா விளக்கடியில கிடந்திருக்கு. அப்புறம் யாரோ தாளைச் சுத்தி உள்ள வச்சிருக்காங்க. செத்தவ எந்திரிச்சு வச்சாளா? பொணத்தைத் தாண்டிப் போய்ப் பூஞ்சையைக் காப்பாத்துற ஆளு இந்த ஊர்ல யாரு டாக்டர்?"

எவரிஸ்டோ ஒப்புக்கொண்டார்.

நியேவெஸ் அவரை விட்டுவிட்டுக் குவாயாகில் நகரத்துக்கே போகப் போவதாகச் சொன்னாளாம். வாக்குவாதத்தில் பிடித்துத் தள்ளினார். மேஜை விளிம்பில் மண்டை மோதியது. பயந்து ஓடிவிட்டார்.

"உயிரோட இருப்பாளோன்னு ஞாயித்துக்கிழமை திரும்ப வந்தேன் மேடம்... அந்தப் பூஞ்சை மட்டும்தான் உயிரோட இருந்துது. ரெண்டு பேரும் பத்து வருஷமா தட்டு மாத்தி மாத்தி வளத்தது. சாக விட மனசு வரல."

"சனிக்கிழமையே ஒரு ஆம்புலன்ஸைக் கூப்பிட மனசு வந்திருந்தா..."

ஹசிந்தா இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தாள்.

விலங்கு மாட்டும்போது அவர் கெஞ்சினார். தட்டை வெளிச்சத்தில் விட்டுவிட வேண்டாமாம்.

"கவலைப்படாதீங்க டாக்டர். நீங்க போற இடமும் இருட்டுதான்... இருபத்தஞ்சு டிகிரிக்குத்தான் உத்தரவாதம் இல்ல."