குரல் கொடுத்தவள்

அந்தப் பள்ளத்தாக்கு எல்லோருடைய குரலையும் திருப்பிக் கொடுத்தது, அவளுடையதைத் தவிர.

முதலில் மகள்தான் கத்தினாள். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, வீட்டில் தன்னைக் கூப்பிடும் "வாலு" என்ற பெயரையே அவள் கூவ, எதிரே அடுக்கடுக்காக நீலம் வெளுத்துக்கொண்டே போன மலைகள் அதை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் ஒரு கொசுவின் ரீங்காரமாக்கி விட்டுவிட்டன. அடுத்து மகளின் அப்பா, இந்த மலையில் எடுத்த படத்தில் கதாநாயகன் வாளைத் தூக்கிப்பிடித்துச் சொல்லும் வசனத்தை அடித்தொண்டையில் முழங்கினான். அதுவும் கம்பீரமாகத் திரும்பி வந்தது. சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டி விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். அதையும் மலை குறைவில்லாமல் கொடுத்தது.

"மேடம், நீங்க சொல்லுங்க. உங்க வசனம்தானே இந்த இடத்துக்கே பேரு வாங்கிக் கொடுத்தது" என்றான் வழிகாட்டி.

அவள் டப்பிங் கலைஞர். ராட்சசர்களும் பறக்கும் குதிரைகளும் வரும் அந்த மாயாஜாலப் படத்தில், மலையையே ஆளும் கல்ராணிக்குக் குரல் கொடுத்தவள். நடிகைக்கு மொழி தெரியாது. படப்பிடிப்பில் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே கண்ணை உருட்டியிருக்கிறாள். அந்த எண்களின் உதட்டசைவுக்கு ஏற்றபடி, பல மாதங்கள் கழித்து, நகரத்தில் ஓர் இருட்டறையில் நின்றபடி இவள் பேசினாள். இந்த மலைப்பக்கம் அவள் வருவது இதுவே முதல் தடவை. படம் எடுத்த இடங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது அவள் கணவன். படத்தை எத்தனை முறை பார்த்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. மகளுக்கும் அந்தப் பைத்தியம் தொற்றியிருந்தது.

கூச்சமாக இருந்தது. ஆனாலும் மகள் கையைப் பிடித்து ஆட்டியதால், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: "இந்த மலை என் உடம்பு. மிதித்துப் பார்."

காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. டப்பிங் அறையின் சுவர்கள் மெத்தையடித்துக் குரலை விழுங்குவதற்கென்றே கட்டப்பட்டவை. பேசிய சொல் உதட்டைத் தாண்டியதும் செத்துவிடும். இத்தனை பெரிய வெளியில் அதே மாதிரி தன் சொல் உதட்டடியிலேயே காணாமல் போனதை அவள் காதில் உணர்ந்தாள். இன்னொரு முறை, சத்தமாகச் சொன்னாள். அதுவும் போயிற்று.

"ராணிக்கு மரியாதை. எதிர்த்துப் பேச மலைக்கே பயம்" என்று கணவன் சிரித்தான். வழிகாட்டியும் சிரித்தான். அவனை ஊரில் 'இடதுகால்' என்றுதான் கூப்பிடுவார்களாம். படப்பிடிப்பில் ராட்சசனின் பிரம்மாண்டமான கால்களை ஆட்கள் உள்ளே நின்று நகர்த்தினார்கள். அதில் இடது கால் இவன். வலது கால் வேறொருத்தன், இருவருக்கும் ஒத்துப்போகாது, அதனால்தான் படத்தில் ராட்சசன் நொண்டுவான் என்று காரில் ஏறியதும் சொல்லி மகளை விழுந்து விழுந்து சிரிக்கவைத்தான்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையில் ஏதோ உரசியது. கார் வளைந்து வளைந்து ஏற, ஈரப்பாசியின் வாடையும் சூடான பிரேக்கின் வாடையும் மாறி மாறி ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, அவள் பாட்டிலில் இருந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துப் பார்த்தாள். உரசல் போகவில்லை. குளிர்க் காற்று காதில் ஏறும் என்று மகளிடம் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, குரலின் ஓரம் பிய்ந்திருந்தது.

அடுத்து அவர்கள் பார்த்தது அரண்மனை. புல்வெளியின் நடுவில், தூரத்திலிருந்து பார்த்தால் கருங்கல் கோட்டையாக நின்றது. கிட்டப் போனால் வண்ணம் உரிந்து, உள்ளே ஒட்டுப்பலகை ஊதி, சாக்கு நார் தொங்கியது. ராணி வெளிப்படும் வாசலில் கணவன் மகளை நிறுத்தி, கையை இப்படி வை, கண்ணை அப்படி உருட்டு என்று இயக்குநரையே மிஞ்சிக்கொண்டிருந்தான். மகளின் தலையிலிருந்து தொப்பியைக் காற்று பறித்துச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனது. எடுத்துவர அவள் போனாள்.

சுவருக்குப் பின்னால் அரண்மனை இல்லை. முட்டுக்கொடுத்த கம்பங்களும், ஆணிகள் துருவேறிய குறுக்குச் சட்டங்களும், மழைநீர் தேங்கிய பள்ளமும், பல வருடம் வெயில் படாத நனைந்த சுண்ணாம்பின் புளித்த நாற்றமும்தான் இருந்தன. தொப்பியை எடுக்கக் குனிந்தாள். சட்டங்களுக்கு நடுவில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

இழுத்து, நிறுத்தி, விடும் மூச்சு. விட்டு முடிக்கும் இடத்தில் ஒரு சின்ன விக்கல். அந்த விக்கலுக்காகத்தான் ஒலிப்பதிவாளரிடம் அவள் அடிக்கடி திட்டு வாங்குவாள். சொந்தக் குரலை வெளியிலிருந்து கேட்டால் பலருக்கு அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவதுதான் அவள் பிழைப்பு.

"தொப்பியைப் போட்டுக்கோ" என்றது அது.

அவள் அசையவில்லை.

"தொப்பியை... போட்டுக்கோ." இந்த முறை இழுவை சரியாக இல்லை. ஒரு மௌனம். மறுபடி மூச்சு. "தொப்பியைப் போட்டுக்கோ, கண்ணு." இப்போது கச்சிதமாக இருந்தது. காரில் அவள் சொன்ன அதே குழைவு, அதே அவசரம். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பேசிப் பார்க்கும் அந்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். யாரோ ஒத்திகை பார்க்கிறார்கள்.

தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். நடந்ததைக் கணவனிடம் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வாக்கியத்திலும் குரல் தேய்ந்தது. கடைசியில் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கெஞ்சினாள். அவன் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். ஜுரம் இல்லை.

"சொந்தக் குரலைக் கேட்டே பயப்படுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றான். "பாலம் ஒண்ணு பாக்கி. அதைப் பாக்காம போனா வாலு வீட்டைத் தலைகீழாக்கிடுவா. உன் தொண்டைக்கு இன்னைக்கு லீவு விடு. எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி."

அவன் கெட்டவன் இல்லை. வேடிக்கையாகத்தான் சொன்னான். மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அதற்குப்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. தான் பேசப் பேசத்தான் அது கற்றுக்கொள்கிறது, தன்னிடமிருந்து குறைவதுதான் அங்கே கூடுகிறது என்று பயம் அவளுக்குச் சொன்னது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைக் கையில் பொத்திய தீக்குச்சிச் சுடர் மாதிரி தொண்டைக்குள் வைத்துக்கொண்டு மேலே ஏறினாள். இடதுகால் தன் இடது முட்டி மக்கர் செய்வதாகச் சொல்லி, கார் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பாலம் பாதிதான் இருந்தது. பாறை விளிம்பிலிருந்து பலகைகள் பள்ளத்தின்மேல் கொஞ்ச தூரம் நீண்டு, அப்படியே நின்றுபோயின. மிச்சப் பாலத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார்களாம். வாயிலில் கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது. அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறுவதற்குள், முன்னால் ஓடிய மகள் அந்தக் கயிற்றைத் தாண்டிவிட்டாள். பலகைமேல், கைகளை விரித்துக்கொண்டு, படத்தில் வருவது மாதிரி ஓடினாள்.

மிச்சக் குரலைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

"கண்ணு! நில்லு! அம்மாகிட்ட வா!"

உடம்பில் இருந்த குரலெல்லாம் அதில் போயிற்று. மகள் திடுக்கிட்டு நின்றாள். திரும்பினாள். அழுதுகொண்டே ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கத்தலை மலை திருப்பித் தரவில்லை. அவள் மகளைத் தேற்ற வாய் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. கிசுகிசுப்புகூட இல்லை.

ஒரு படமாவது எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், கேமரா காரில் இருக்கிறது, இதோ வந்துவிடுகிறேன் என்று கணவன் இறங்கினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் செல்லமாக அவள் விரல்களை விடுவித்துவிட்டுப் போனான். அவன் தலை சரிவில் மறைந்ததும் பனி ஏறியது. பள்ளத்திலிருந்து, பால் பொங்குவது மாதிரி சத்தமில்லாமல் எழுந்து, முதலில் பலகைகளை, பிறகு பாறையை, பிறகு அவள் முழங்காலை, பிறகு மகளின் முகத்தை மூடிக்கொண்டது. ஈரக் கம்பளியின் வாடை. காதில் தன் ரத்தத்தின் ஓட்டம். மகளின் கை மட்டும் அவள் கைக்குள் இருந்தது. சின்னதாக, சூடாக.

"கண்ணு" என்றது குரல். பாலத்தின் பக்கமிருந்து.

மகளின் விரல்கள் அசைந்தன. "அம்மா, நீயா கூப்பிட்ட?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். பனியில் யாருக்குத் தெரியும். கையை இறுக்கினாள்.

"நான்தான் கண்ணு. அம்மா இங்கதான் இருக்கேன்." பிசிறில்லாத குரல். தூங்கவைக்கும்போது பேசும் குரல். "உன் கையைப் பிடிச்சிருக்கிறது யாரு?"

உள்ளங்கைக்குள் அந்தக் கை விறைத்தது.

"அம்மா?" என்றாள் மகள், அவளைப் பார்த்து. பதில் வரவேண்டிய இடத்தில் மூச்சிரைப்புதான் வந்தது. அவள் குழந்தையைத் தன் பக்கம் இழுத்தாள். நெஞ்சோடு அணைக்கத்தான் இழுத்தாள். மகள் வீறிட்டாள்.

"கடிச்சிட்டு ஓடி வந்துடு, கண்ணு" என்றது குரல், அன்பாக.

பற்கள் இறங்கின. மணிக்கட்டில், எலும்புவரை. வலியில் அவள் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அது போதுமாக இருந்தது.

பலகைமேல் சின்னப் பாதங்கள். தட தட தட.

பிறகு இல்லை.

கத்தல் இல்லை. விழுந்த சத்தம் இல்லை. அவள் தவழ்ந்தாள். பலகையைத் தடவினாள். ஈரம். ஆணி. விளிம்பு. அதற்கப்பால் கை வெறும் குளிரில் அலைந்தது. வாயைப் பிளந்து அலறினாள். எதுவும் வரவில்லை.

கீழிருந்து செருப்பொலி. கணவன் மேடேறி வந்துவிட்டான். "எங்க இருக்கீங்க? ஒண்ணும் தெரியலையே."

"இங்கதாங்க" என்றது குரல்.

"அட, தொண்டை சரியாயிடுச்சா?" அவன் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு. "வாலு எங்க?"

"என்கூடத்தான் இருக்கா. நேரா வாங்க."

அவள் எழுந்து சத்தம் வந்த திசையில் பாய்ந்தாள். அவன்மேல் மோதினாள். அவன் சட்டையை, கையை, கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொண்டாள். பின்னால் தள்ளினாள்.

"யாரு?" என்றான் அவன். சிரிப்பு நின்றுவிட்டது. "யாருங்க நீங்க?"

"அப்பா, அவங்க என்னையும் பிடிச்சாங்கப்பா" என்றது மகளின் குரல், பலகைகள் முடிந்த இடத்துக்கும் அப்பாலிருந்து. "அவங்க கடிக்கிறாங்க. சீக்கிரம் வாங்க."

அவன் மூச்சு மாறியது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவன் இன்னொரு கை பனிக்குள்ளிருந்து வந்து, அவள் யாரென்று தெரிந்துகொள்ள, அவள் முகத்தைத் தடவியது. நனைந்த முடியை. கன்னத்தை. அகலத் திறந்து, ஓசையே இல்லாமல் அலறிக்கொண்டிருந்த வாயை. விரல்கள் பல்லில் பட்டதும் அவன் பதறிக் கையை உதறினான். முழு பலத்தோடு அவளைப் பாறைப் பக்கம் தள்ளிவிட்டு, தன் மனைவியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பலகைமேல் ஓடினான்.