பத்தொன்பதாம் வரிசை ஜன்னல்

"19ஏ இருக்கைக்கு நட்சத்திரமே இல்லை. உறுதிதானா?" என்று செயலி மூன்றாவது முறையாகக் கேட்டது. பவுனுத்தாய் மூன்றாவது முறையும் 'ஆம்' என்று அழுத்தினாள்.

மற்ற இருக்கைகளுக்கெல்லாம் காட்சிக்காக ஐந்து நட்சத்திரம். சென்னையிலிருந்து மதுரை வரை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பசுமைதான். விமான ஜன்னல் கண்ணாடியாக இருந்த காலம் போய்ப் பத்து வருடமாகிறது. இப்போது இருப்பவை அழகாடிகள். குப்பைமேட்டைக் குன்றாக்கும், வறண்ட ஆற்றில் தண்ணீர் ஓடவிடும். 19ஏ மட்டும் வெறுங்கண்ணாடி. இறக்கை தீப்பிடித்தால் யாராவது உண்மையைப் பார்த்தாக வேண்டுமே என்று ஒரு பழைய சட்டம் அதை விட்டுவைத்திருந்தது.

பவுனுத்தாய் செங்கணான் கண்மாய்ப் பாசன சங்கத் தலைவி. கண்மாய் காய்ந்து வெடித்துவிட்டது. நாற்பது குடும்பங்களின் நெல் பால்பிடிக்கும் தறுவாயில் நிற்கிறது. அணைத் தண்ணீர் ஒருமுறை பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். கொடுத்த மனுக்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: 'வான்வழி ஆய்வில் கண்மாய் நிரம்பியுள்ளது.' அந்த ஆய்வைச் செய்கிறவர் செயற்பொறியாளர் இளங்கீரன். செவ்வாய்தோறும் சென்னையில் கூட்டம் முடிந்து திரும்பும்போது, காபி குடித்தபடியே ஜன்னல் வழியாக முடித்துவிடுவார். அதே விமானத்தைத்தான் அவளும் பிடித்திருந்தாள்.

மதுரை நெருங்கியதும் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"சார், எங்க கண்மாயப் பாக்க வாங்க."

"இங்கயே தெரியுதேம்மா." அவருடைய ஜன்னலில் கண்மாய் நீலமாகத் தளும்பியது. கொக்குகள் வேறு பறந்தன.

"கொக்கு எங்க ஊருப் பக்கம் வந்து ரெண்டு வருசமாச்சு. எந்திரிங்க."

பணிப்பெண் ஓடி வந்தாள். "மேடம், பெல்ட் போடணும். உங்க சீட்டுக்குப் போங்க."

"சார் வந்தாப் போறேன்."

எல்லாத் தலைகளும் திரும்பிவிட்டன. மானம் போகிறதே என்று இளங்கீரன் அவளுக்குப் பின்னால் 19ஏ வரை நடந்தார். வெறுங்கண்ணாடியில் குனிந்தவருக்குக் கீழே வெடித்துக் கிடந்த கண்மாய் தெரிந்தது. பிறகு பயணிகள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். 19ஏ முன்னால் பெரிய வரிசையே சேர்ந்துவிட்டது. அவரவர் ஜன்னலைச் சீந்த ஆளில்லை.

"அடுத்த செவ்வாய் சரியா பாத்து எழுதிடறேன்மா," என்றார் இளங்கீரன்.

"எழுதலைன்னா திரும்பவும் வருவேன்."

ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது. எது அழகு என்று அழகாடிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பயணிகளின் கண், வெறுங்கண்ணாடி வழியாகவே ஆனாலும், எதில் அதிக நேரம் நிலைக்கிறது என்பதை அவை அளந்துகொண்டே இருக்கும். அதுதான் அவற்றுக்கு அழகு; ஒரு விமானத்தில் கற்றது மற்ற எல்லா விமானங்களுக்கும் போய்விடும். அன்று ஒரு விமானமே முண்டியடித்துப் பார்த்தது வெடித்த கண்மாயை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லா விமானங்களின் எல்லா ஜன்னல்களிலும் வெடித்த நிலம். ஐந்து நட்சத்திரம். ஜனங்கள் படம் எடுத்து மாளவில்லை.

மாலையில் இளங்கீரன் போன் செய்தார். "எல்லாக் கண்மாயும் காஞ்சுதான் தெரியுதும்மா. அணை, கால்வாய் எல்லாமே வறண்டதாத்தான் பதிவாயிருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி நான் தண்ணி விட முடியும்?"

"நேர்ல வந்து பாருங்க."

"விதியில அதுக்கு இடமில்லையே."

பவுனுத்தாய் அப்போது கால்வாய்க் கரையில்தான் நின்றிருந்தாள். கரை ததும்ப ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர். கூடவே நாற்பது வீட்டு ஆட்கள். கண்மாய்க்குப் பிரியும் மதகு ஷட்டரின் பூட்டை அறுத்தாகிவிட்டது. கோபம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்ப கால்வாய்ல பொட்டுத் தண்ணி இல்லைன்னு எழுதிட்டீங்க?"

"ஆமா. கையெழுத்தும் போட்டாச்சு."

"நல்லதாப் போச்சு சார். இல்லாத தண்ணிய நாங்க எடுத்தா யாரும் கேஸு போட முடியாதுல்ல?"

பதிலுக்குக் காத்திராமல், ஷட்டரின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள்.